சுமை தாங்காத சக்கரத்தின் தேய்மானம்

ஒரு யந்திரத்தின் உறுப்புகளுள் எது முதலில் தேயும் என்று வினவினால், மிகுந்த பாரத்தைத் தாங்குவது எதுவோ அதுவே முதலில் தேயும் என்று நம்மில் பெரும்பாலோர் யோசனையின்றி விடை சொல்லிவிடுவோம். மாட்டுவண்டியின் அச்சையும் செக்கின் உலக்கையையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த விடை நியாயமாகவே தோன்றும். ஆனால் கியர் வைத்த சைக்கிளின் பின்சக்கரத்தருகே, சங்கிலியின் பாதையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு பல்சக்கரங்களின் விஷயத்தில் இந்த அநுமானம் பொய்த்துப்போகிறது. மிதிப்பவருடைய பலத்தில் அணுவளவும் அவற்றின் வழியாகப் பின்சக்கரத்துக்குச் செல்வதில்லை. விசை முழுவதும் சங்கிலியின் மேற்பகுதியோடு போய்விட, வேலை முடிந்து தளர்ந்து திரும்பும் கீழ்ப்பகுதியைத்தான் அவை ஏந்திக்கொண்டிருக்கின்றன. இருந்தும், சைக்கிளைச் சில வருஷங்கள் நன்றாக ஓட்டியபின் கவனித்தால், முன்னாலுள்ள பெரிய பல்சக்கரம் ஏறக்குறையப் புதிது போலவே இருக்க, இவ்விரண்டின் பற்கள் மட்டும் மெலிந்து கூராகிக் குட்டையாகிப் போயிருக்கக் காண்கிறோம். ஜாக்கி சக்கரம் என்று கையேடுகள் கூறுவதும், புல்லி என்று தில்லி மெக்கானிக்குகள் சுருக்கமாகச் சொல்வதும் இவற்றைத்தான். பாரமே இல்லாத இடத்தில் தேய்மானம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விசாரணை.

இவ்விசாரணைக்குத் தில்லியின் லோதி ரோட்டைப்போல் பொருத்தமான இடம் எளிதில் அகப்படாது. மேற்கே, 1754-ல் கட்டிமுடிக்கப்பெற்ற சப்தர்ஜங் சமாதியின் பக்கத்திலிருந்து கிழக்கே நிஜாமுதீனை நோக்கிச் செல்லும் அச்சாலையில், விடியற்காலத்தில், தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்த கியர் சைக்கிள்காரர்கள் கூட்டமாகவும் தனியாகவும் போவதைக் காணலாம். சையது, லோதி வமிசத்தாரின் சமாதிகளைச் சுற்றி 1936-ல் திறக்கப்பெற்ற தோட்டம் சாலையின் வடபுறத்தில் இருக்கிறது. அதே சாலையில்தான், 1944-ல் தில்லிக்கு மாற்றப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவனும் நிற்கிறது. தலைநகரின் புழுதியை அநுபவிப்பவர்களும் அதே புழுதியை அளந்து கணக்கு வைப்பவர்களும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும். புழுதியிடம் பிறகு வருவோம்.

லோதி காலனியின் வீடுகள் சர்க்கார் சிப்பந்திகளுக்காக எழுந்தது 1940-களில். அவற்றில் குடியிருந்து செக்ரடேரியட்டுக்குச் சைக்கிளில் போய்வந்த குமாஸ்தாக்களுள் நம்மவர்களும் கணிசமாக இருந்தார்கள். தில்லித் தமிழர்களின் கல்விச் சங்கம் நடத்தும் பள்ளி ஒன்று இன்றும் லோதி எஸ்டேட்டில் இருப்பது தற்செயலன்று. அந்தக் குமாஸ்தாவின் வண்டியில் ஜாக்கி சக்கரம் என்ற வஸ்து கிடையாது. சென்னையில் 1949-ல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆயினும், சோனிபட்டில் 1951-ல் பிறந்த அட்லஸ் ஆயினும், லூதியானாவில் 1956-ல் தோன்றிய ஹீரோ ஆயினும், அக்காலத்தில் அவை பெருவாரியாகச் செய்து விற்ற கறுப்பு நிறச் சைக்கிள்களில் முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு ஃப்ரீவீல், இரண்டுக்கும் இடையே அளந்து வெட்டிய சங்கிலி, அதன்மேல் ஒரு தகரக் கவசம், அவ்வளவுதான். சங்கிலி தளர்ந்தால் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து மறுபடி முடுக்கிவிடுவார்கள். அந்த ஏற்பாட்டின் ஆயுள் நம்மை இன்றும் வியக்கவைப்பது; அதற்குக் கவசம் ஒரு காரணம், கியர் இல்லாமை மற்றொரு காரணம்.

கியர் வந்தவுடன் சங்கிலிக்கு ஒரு புதிய சங்கடம் உண்டாகிறது. முன்னே 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரு சக்கரங்கள், பின்னே 11 பல் முதல் 32 பல் வரை உள்ள ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்வோம். பெரியதோடு பெரியதைச் சேர்க்கும்போது சங்கிலி நீளமாக வேண்டும். சிறியதோடு சிறியதைச் சேர்க்கும்போது குறுக வேண்டும். வித்தியாசம் முன்னே 16 பல், பின்னே 21 பல், ஆக 37. அதில் பாதியளவு கண்ணிகள், அதாவது பதினெட்டரை கண்ணிகள், ஒவ்வொன்றும் அரை அங்குலம் என்ற கணக்கில் சுமார் 23 சென்டிமீட்டர் சங்கிலி உபரியாகத் தொங்கும். ஒரு சாணுக்கு மேற்பட்ட இந்த உபரியை விழுங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது மறுபடி உமிழ்ந்து கொடுப்பது கீழ்ச்சக்கரத்தின் வேலை. ஸ்பிரிங் பொருத்திய ஒரு கூண்டின் நுனியில் இருந்துகொண்டு அது முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. மேற்சக்கரத்தின் வேலை வேறு. ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்சக்கரத்துக்குச் சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி ஏற்றுவதும், ஏறிய இடத்தில் நேராக நிறுத்துவதும் அதன் கடமை. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்க, வீதி திரும்பும் இடத்தில் தேர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்கும் நாலைந்து பேர் நிர்ணயிக்கிறார்களல்லவா? அவர்கள் தேரை இழுப்பதில்லை. ஆயினும் உராய்ந்து புகைந்து தேய்ந்துபோவது அவர்கள் கையிலுள்ள கட்டைதான். ஜாக்கி சக்கரத்தின் உத்தியோகமும் ஏறக்குறைய அதுவே.

இவ்விரு சக்கரங்களும் இல்லாமல் கியர் மாற்ற முடியாதா என்றால், முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் முதன்மைப் போட்டியாளர்கள் டெரெய்லர், அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி, உபயோகிக்க 1937-ல்தான் அநுமதி கிடைத்தது. டீஜோன் நகரத்து லூசியன் ஜூயி என்பவர் 1928-லேயே சிம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் சங்கிலியை நகர்த்தும் கருவி செய்யத் தொடங்கியிருந்தும், கியர் மாற்றிச் செல்வது வீரனுக்கு இழுக்கு என்ற எண்ணம் பந்தயத்தை நடத்தியவர்களிடம் நெடுநாள் நிலைத்திருந்தது. 1948-ல் அப்பந்தயத்தை வென்ற இத்தாலிய வீரர் ஜினோ பார்த்தாலியின் சைக்கிளில் இருந்ததோ காம்பாக்னோலோ நிறுவனத்தின் கம்பியோ கோர்சா என்னும் விசித்திரமான அமைப்பு. அதில் ஜாக்கி சக்கரமே கிடையாது. ஓட்டுபவர் கையைப் பின்னால் நீட்டி ஒரு நெம்புகோலால் பின்சக்கரத்தின் பிடியைத் தளர்த்துவார். பெடலைப் பின்னோக்கி மிதித்துக்கொண்டே இரண்டாவது நெம்புகோலால் சங்கிலியை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுவார். பின்சக்கரம் முழுவதும் பல் வெட்டிய பள்ளத்தில் உருண்டு முன்னோ பின்னோ நகர்ந்து சங்கிலியின் தளர்ச்சியைச் சரிக்கட்டும். பிறகு பிடியை மறுபடி இறுக்கவேண்டும். இத்தனையும் ஓடும் வண்டியில், மலைப்பாதையில். லோதி காலனிக் குமாஸ்தா நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை இழுத்த அதே காரியத்தைத்தான் பார்த்தாலி ஓடிக்கொண்டே செய்தார் என்று சொன்னால் மிகையாகாது. உராய்வு குறைவு என்பது அவ்வமைப்பின் பெருமை; கழுத்தை முறித்துக்கொள்ளும் அபாயம் அதன் சிறுமை.

அதே நிறுவனம் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிரான் ஸ்போர்ட் என்ற டெரெய்லரில், இணைகரமாக அசையும் நான்கு கைகளின் நுனியில் ஒரு கூண்டும் அதற்குள் இரண்டு சக்கரங்களும் அமைந்தன. இன்றைய டெரெய்லர்கள் அனைத்தும் அந்த வமிசத்தவை. ஜப்பானிய சன்டூர் 1964-ல் அவ்விணைகரத்தை ஓரளவு சாய்த்துவைத்து, மேற்சக்கரம் எந்தக் கியரிலும் பற்களுக்கு ஒரே நெருக்கத்தில் இருக்கும்படி செய்தது. ஷிமானோ 1984-ல் கியர் மாற்றும் கைப்பிடிக்குப் படிப்படியான இடங்களைக் கொடுத்து, ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையை வெற்றிகரமாக நிலைநாட்டியது. இந்த இரண்டாவது மாறுதல் நம் விஷயத்துக்கு முக்கியம். ஒரு சொடுக்கில் கேபிள் நகரும் தூரம் நிலையானது. அது மனித விரலைப்போல் சற்று முன்பின் சரிசெய்துகொள்ளாது. ஆகையால் மேற்சக்கரம் தன் அச்சின்மேல் பக்கவாட்டில் இலேசாக மிதக்கும்படி வேண்டுமென்றே இடம் விட்டுச் செய்தார்கள். சங்கிலி தனக்குரிய பல்லின் நேருக்கு வந்து தானே ஒழுங்காகிக்கொள்வதற்கு அந்த மிதப்பு உதவுகிறது. இதை அறியாதவர்கள், மேற்சக்கரம் ஆடுகிறது, தேய்ந்துவிட்டது என்று நல்ல சக்கரத்தைக் கழற்றி எறிவதுண்டு. அதே ஆட்டம் கீழ்ச்சக்கரத்தில் இருந்தால் மட்டும் அது நோய்.

இனி ஆதிக் கேள்விக்கு வருவோம். பெடலில் 30 கிலோ எடையளவு அழுத்தம் கொடுத்தால், பெடலைத் தாங்கும் 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கும் 48 பல் கொண்ட முன்சக்கரமும் சேர்ந்து சங்கிலியின் மேற்பகுதியில் 50 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையை உண்டாக்குகின்றன. கீழ்ப்பகுதியில் உள்ளதோ கூண்டின் ஸ்பிரிங் கொடுக்கும் இழுவை மட்டும். அது மேலே உள்ளதில் மிகச் சிறிய பின்னம். பாரத்தைப் பார்த்தால் ஜாக்கி சக்கரம் ஓய்வூதியம் பெறும் சக்கரம்தான். ஆனால் வேலையின் எண்ணிக்கையைப் பார்த்தால் காட்சி தலைகீழாகிறது. முன்னே 48, பின்னே 16 பல் என்ற கியரில் கிராங்கு ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 6.3 மீட்டர் செல்கிறது. 10 கிலோமீட்டர் செல்வதற்குள் முன்பல்சக்கரம் சுமார் 1,590 முறை சுழன்று 76,000-க்கு மேற்பட்ட கண்ணிகளை இழுத்துவிடுகிறது. முன்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அந்தப் பிரயாணத்தில் 1,590 தடவை கண்ணியைச் சந்திக்கிறது. பதினொரே பற்களைக் கொண்ட ஜாக்கி சக்கரமோ, அதே 76,000 கண்ணிகளையும் தன் பதினொரு பற்களுக்குள்ளேயே பங்கிட்டாக வேண்டும். எனவே ஒவ்வொரு பல்லுக்கும் 6,900-க்கு மேற்பட்ட சந்திப்புகள். பெரிய குடும்பத்தில் ஒருவர் செய்யும் வேலையைப்போல் நாலு மடங்குக்கு மேல் வேலை, பல் ஒன்றுக்கு.

இதைவிடச் சூட்சுமமான கணக்கு ஒன்று உண்டு. சங்கிலி என்பது வளையக்கூடிய கயிறன்று. விறைப்பான தகடுகள் பின்களால் கோக்கப்பெற்ற தொடர். பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் ஒரு கோணம் மடங்குகிறது, இறங்கும்போது அதே கோணம் நிமிர்கிறது. அந்தக் கோணம் 360 பாகையைப் பற்களின் தொகையால் வகுத்துக் கிடைப்பது: 48 பல்லில் ஏழரைப் பாகை, 16 பல்லில் இருபத்திரண்டரை, 11 பல்லில் 32.7. ஒரு மூட்டு முழுச்சுற்று வரும்போது முன்சக்கரத்தில் 15 பாகை, பின்பல்சக்கரத்தில் 45 பாகை, இரண்டு ஜாக்கி சக்கரங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 131 பாகை அசைகிறது. மொத்த மடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், சுமையே இல்லாத அந்த இரு சக்கரங்களால் ஏற்படுவது! இழுவை குறைவாக இருப்பதால் இம்மடக்கம் உடனே சங்கிலியைக் கெடுத்துவிடுவதில்லை என்பது மெய். ஆனால் பின்னுக்கும் உருளைக்கும் நடுவே எண்ணெய் வற்றியிருந்தாலோ மணல் புகுந்திருந்தாலோ, அரைக்கும் வேலை பெரும்பாலும் நடக்கும் இடம் இதுதான் என்பதும் மெய்.

பல் குறையக் குறைய இன்னொரு தீங்கும் விளைகிறது. 11 பல் உள்ள சக்கரம் உண்மையில் வட்டமன்று, பதினொரு பக்கமுள்ள பலகோணம். அதன்மேல் ஓடும் சங்கிலியின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வு 11 பல்லில் நூற்றுக்கு நாலு வீதம். 17 பல்லாக்கினால் நூற்றுக்கு 1.7 வீதமாகக் குறைந்துவிடும். பந்தயக்காரர்கள் சிலர் கூண்டையே மாற்றிப் பெரிய ஜாக்கி சக்கரங்களையும் பீங்கான் குண்டு பேரிங்குகளையும் பொருத்திக்கொள்வதன் தத்துவம் இதுதான். அதனால் மிச்சமாகும் சக்தி ஓரிரு வாட்டு என்ற அளவில் இருக்கும். விநாடிகளில் வெற்றி தோல்வி நிர்ணயமாகும் பந்தயத்தில் அதற்கு மதிப்பு உண்டு. சந்திக்குச் சந்தி சிவப்பு விளக்குக்கு நிற்கவேண்டிய லோதி ரோட்டில், ஒரு நல்ல சைக்கிளின் விலையில் பாதியைக் கொடுத்து அந்த ஓரிரு வாட்டை வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதே பணத்தில் ஒரு சிறு பங்கை எண்ணெய்க்கும் துணிக்கும் செலவிட்டால் அதைவிட அதிக வாட்டு திரும்பக் கிடைக்கும்.

தேய்மானத்தைக் கணக்கில் அடக்க முயன்றவர்களுள் ஜே. எஃப். ஆர்ச்சார்டு என்ற ஆங்கிலேயர் 1953-ல் கூறிய சூத்திரம் இன்றும் பிரமாணமாக வழங்குகிறது. தேய்ந்துபோகும் பொருளின் கனஅளவு, அழுத்தத்தையும் உராய்ந்த தூரத்தையும் பெருக்கி, பொருளின் கடினத்தால் வகுத்ததற்கு விகிதமாக இருக்கும். இவற்றோடு ஒரு குணகமும் சேரும். அழுத்தம் குறைந்தால் தேய்மானம் குறையும் என்பது சூத்திரத்தின் ஒரு பாதி. நம் கதையின் உயிர் அந்தக் குணகத்தில் இருக்கிறது. சுத்தமான எண்ணெய்ப் படலத்தின்மேல் வழுக்கும் இரு பரப்புகளுக்கும், நடுவில் கடினமான துகள்கள் சிக்கிய இரு பரப்புகளுக்கும் அந்தக் குணகம் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடக்கூடும். அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கிப் பெற்ற இலாபத்தை ஒரு பிடி புழுதி முழுவதும் அபகரித்துக்கொண்டு, மேலும் பல மடங்கு வட்டியும் வாங்கிவிடும்.

தில்லியின் புழுதி எத்தகையது? ஏப்ரல் முதல் ஜூன் வரையில், தென்மேற்குப் பருவக்காற்று வருவதற்கு முன், மேற்கே தார் பாலைவனத்திலிருந்தும் வறண்ட சமவெளிகளிலிருந்தும் கிளம்பும் காற்று நகரத்தின்மேல் வந்து கவிகிறது. லூ என்ற அனற்காற்று பகலெல்லாம் வீச, ஆந்தி என்று அவ்வூரார் சொல்லும் புழுதிப் புயல் சில மாலைகளில் நிமிஷத்தில் வானத்தைச் செம்மண் நிறமாக்கிவிடுகிறது. அந்தப் புழுதியில் கணிசமான பாகம் குவார்ட்சு என்னும் படிகக்கல். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரண எஃகைக் கீறுவதற்கு அது தாராளமாகப் போதும். மௌசம் பவன் இருக்கும் லோதி ரோட்டிலேயே காற்றில் மிதக்கும் துகள்களை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. செய்தித்தாள்களில் நாம் படிக்கும் பி.எம். 10 என்ற அளவு, விட்டத்தில் 10 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு, மேற்படாத துகள்களைக் குறிப்பது. நுரையீரலுக்கு அது செய்யும் கெடுதியை வைத்தியர்கள் சொல்லக் கேட்கிறோம். சங்கிலியின் கண்ணோடு பார்த்தாலும் அது மிக அபாயமான அளவு: மூட்டின் இடுக்கில் புகும் அளவுக்குச் சிறியது, அங்கே உள்ள மைக்ரான் கணக்கான எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு இரு பக்கத்து உலோகத்தையும் ஒருங்கே தொடும் அளவுக்குப் பெரியது. ஜாக்கி சக்கரங்களுள் கீழே உள்ளது தரைக்கு மிக அருகில் தொங்குவதால், முன் டயர் வாரி இறைக்கும் மண்ணையும் மழைக்காலத்துச் சேற்றையும் முதலில் வாங்கிக்கொள்கிறது.

இனி ஒரு வேடிக்கை. பெரும்பாலான ஜாக்கி சக்கரங்கள் அசிட்டால் அல்லது நைலான் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சங்கிலியோ கடினமாக்கிய எஃகு. மெல்லியது தேயும், வல்லியது நிலைக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எண்ணெயில் ஊறிய மண்துகள்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் பதிந்து நிலைத்துவிடுகின்றன. பதிந்தபின் அந்தப் பல் பிளாஸ்டிக் பல்லாக இருப்பதில்லை, மணல் பதித்த அரமாகிவிடுகிறது. அது சங்கிலியின் பக்கத் தகடுகளை அராவத் தொடங்குகிறது. சூரத்தில் வைரம் பட்டை தீட்டுபவர்கள், வைரத்தைவிட எவ்வளவோ மென்மையான வார்ப்பிரும்புத் தட்டில் வைரப்பொடியைப் பதித்துத்தான் வைரத்தைத் தீட்டுகிறார்கள். நடப்பது அதே இயற்கை விதி. ஆகையால் கறுத்துக் களிம்பேறிய ஜாக்கி சக்கரத்தை அலட்சியமாக விட்டுவைப்பவர், சில நூறு ரூபாய் பெறும் சக்கரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதைவிட விலையுயர்ந்த சங்கிலியை அரைத்துக்கொண்டிருக்கிறார். அலுமினியச் சக்கரம் போட்டால் இந்தப் பதிவு குறையும். ஆனால் அது சத்தம் போடும், சங்கிலியோடு இரும்பு மொழியில் பேசும். நகரத்துச் சவாரிக்கு அசிட்டாலே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். நைலானைப்போல் அது ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதில்லை.

தேய்ந்ததை அறிவது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக்கவோ தூக்கிக் கட்டவோ செய்து, முதலில் இரு சக்கரங்களின் பக்கங்களிலும் படிந்துள்ள கறுப்புக் களிம்பைத் தட்டையான மரக்குச்சியால் சுரண்டி எடுக்கவேண்டும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு குச்சியைப் பக்கத்தில் வைத்தாலே அது சுருள் சுருளாக வந்துவிடும். அந்தக் களிம்பை நீக்குவதற்கு முன் பல்லைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. பிறகு பற்களைப் பார்க்கவேண்டும். புதுப் பல்லின் நுனி சற்று அகன்று மழுங்கியிருக்கும். தேய்ந்த பல் ஊசிமுனையாகி, உயரமும் குறைந்து, பக்கத் தகடுகள் உராய்ந்ததால் மெலிந்தும் இருக்கும். சில கம்பெனிகளின் பற்கள் புதிதிலேயே கூராக இருப்பதால், சந்தேகம் வந்தால் அதே மாதிரிப் புதுச் சக்கரம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுவதே நல்லது. அடுத்து, சங்கிலியைச் சற்று விலக்கிவிட்டு விரலால் சக்கரத்தைச் சுண்டிப்பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றினால் சரி. மணல் நறநறக்கும் உணர்ச்சியோ, வறண்ட புஷ்ஷின் கிறீச்சென்ற ஓசையோ வந்தால், பல் நன்றாக இருந்தாலும் உள்பாகம் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஓட்டும்போது இந்நோய் வேறு வேஷத்தில் வரும். கியர் தானே தாவும். கைப்பிடியைச் சொடுக்கியபின் சங்கிலி தயங்கித் தயங்கி ஏறும். சாலையோர மரத்தடியில் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனால், பஞ்சர் ஒட்டுவதில் அவருக்கு நிகர் அவரே என்றாலும், இந்தப் புதுவகை வண்டியில் கண்ணுக்கு முதலில் படும் இரண்டு சிறு திருகுகளைத்தான் அவர் திருகத் தொடங்குவார். அத்திருகுகள் டெரெய்லர் இருபுறமும் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையை வகுப்பவை. தேய்மானத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எல்லை மாறிவிட்டால், ஒருநாள் சங்கிலி பெரிய பல்லையும் தாண்டிக் கம்பிகளுக்குள் விழும். கேபிளின் இறுக்கம், டெரெய்லரைத் தாங்கும் கொக்கியின் வளைவு, சங்கிலியின் நீட்சி, மேற்சக்கரத்தின் தேய்வு என்ற வரிசையில் பார்த்து வந்தால் பெரும்பாலும் திருகுகளைத் தொடவே தேவையிராது.

மாற்றுவது கஷ்டமான காரியமன்று, கவனமான காரியம். தில்லிவாசிகளுக்கு உதிரிப்பாகம் வாங்க ஜண்டேவாலான் சைக்கிள் சந்தை இருக்கிறது. அங்கே போகுமுன் பல்லின் தொகை, சங்கிலியின் வேகக் கணக்கு, அச்சுத் துளையின் அளவு இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் பழையதையே கையோடு எடுத்துப்போவது உசிதம். சங்கிலியை முன்னும் பின்னும் மிகச் சிறிய பல்சக்கரங்களுக்கு மாற்றிவிட்டால் இழுவை தளர்ந்திருக்கும். சங்கிலி கூண்டுக்குள் எந்த வழியாக வளைந்து செல்கிறது, நடுவிலுள்ள சிறு தகட்டு நாக்கின் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நாக்கின் தவறான பக்கத்தில் சங்கிலியைக் கோத்துவிட்டு, புதுச் சக்கரம் கரகரவென்று உராய்கிறதே என்று தவிப்பவர்கள் அநேகர். பெரும்பாலான டெரெய்லர்களில் 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி போதும். கீழ்ப் போல்டை முழுவதும் கழற்றி, மேற்போல்டைத் தளர்த்தினால் கூண்டின் உள்தகடு விலகிவிடும். சங்கிலியை அறுக்க வேண்டியதில்லை. சக்கரத்தோடு அதன் இருபுறத்துத் தூசி மூடிகளும் நடுப் புஷ்ஷும் கழன்று விழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து ஒரு துணியின்மேல் வரிசையாக வைக்கவேண்டும்.

மேற்சக்கரமும் கீழ்ச்சக்கரமும் உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் பல மாதிரிகளில் இடம் மாற்றக்கூடாதவை. முன்னே சொன்ன மிதப்பு மேற்சக்கரத்துக்கே உரியது. சிலவற்றில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் உண்டு. சாதாரணப் புஷ் உள்ள சக்கரமானால் புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவினால் போதும். அடைத்த பேரிங் உள்ளதானால், ஊசிமுனையால் ரப்பர் மூடியை மெல்லக் கிளப்பி, பழைய கிரீஸைக் கழுவிப் புதியதை நிரப்பி மூடலாம்; அப்படிச் செய்தால் பற்கள் தேயும்வரை பேரிங் பிழைத்திருக்கும். போல்டை மறுபடி பூட்டும்போது மரையில் ஒரு துளி பூட்டுப்பசை இடவேண்டும். முடுக்கும் அளவு 2.5 முதல் 5 நியூட்டன்மீட்டர். சிறிய போல்டுதானே என்று அலட்சியமாக விட்டால், அது சாலையின் அதிர்வில் கழன்று, கூண்டு விரிந்து, டெரெய்லர் முழுவதும் பின்சக்கரத்துக் கம்பிகளில் மாட்டிக்கொள்ளும். அந்த விபத்தின் செலவில் ஜாக்கி சக்கரங்கள் ஒரு டஜன் வாங்கலாம். அதே சமயம் சங்கிலியையும் அளந்துவிடுவது நல்லது. புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது பன்னிரண்டோடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் நூற்றுக்கு அரை வீதம் நீண்டுவிட்டது என்று பொருள். பதினொன்று, பன்னிரண்டு கியர் வண்டிகளில் அதுவே மாற்றவேண்டிய எல்லை.

எண்ணெய் விஷயம் தில்லியின் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. ஆந்தி வீசும் மாதங்களில் பிசுக்குள்ள எண்ணெயை ஊற்றுவது புழுதிக்கு அழைப்பிதழ் அனுப்புவதாகும். அப்போது காய்ந்து மெழுகாகப் படியும் வகை ஏற்றது. மழைக்காலத்தில் அந்த மெழுகு கழுவிக்கொண்டு போய்விடுமாகையால் சற்றுக் கெட்டியான எண்ணெய்க்கு மாறவேண்டும். எந்தப் பருவத்திலும் எண்ணெயை மூட்டுக்கு ஒரு துளியாக இட்டு, பெடலைச் சுற்றிவிட்டு, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடவேண்டும். எண்ணெய்க்கு வேலை உள்ளே, வெளியே அல்ல. லாரி கராஜ்களில் வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலைச் சங்கிலியில் கொட்டும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் இருக்கிறது. அதில் உலோகத் தூளும் கரியும் முன்னதாகவே கலந்திருப்பதால், புழுதி வரும்வரை காத்திருக்கும் சிரமம்கூடச் சங்கிலிக்கு வைப்பதில்லை. ஊரிலிருந்து வரும்போது தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கதவுக் கீலுக்கும் தையல் மிஷினுக்கும் சைக்கிளுக்கும் அதையே போடும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும் வஸ்து. சென்னையில் அந்தச் சிக்கல் வருஷத்தில் சில காலைகளுக்கு மட்டும். லோதி ரோட்டில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை வேளையில், குப்பியில் வெள்ளைக் கட்டியாக நிற்கும் அந்த எண்ணெய் ஜாக்கி சக்கரத்தின் புஷ்ஷுக்குள்ளும் அதே ஸ்திதியில்தான் இருக்கும். குளிர்காலம் முடியும்வரை அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சைக்கிளுக்குக் கடையில் விற்கும் சங்கிலி எண்ணெயை வாங்கிப் போடலாம்.